இரண்டு குடம் நன்னீர்

யாழ்ப்பாணத்திலிருந்து நயினாதீவுக்குச் செல்வோர் பலர். நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கும் ஆவலில் பண்ணைப் பாலத்தைக் கடந்து, குறிகட்டுவான் துறையிலே படகேறும் வரை வழியிலுள்ள ஊர்களை அவர்கள் பெரிதாகக் கவனிப்பதில்லை. அல்லைப்பிட்டிச் சந்தி வரும், பேருந்து நிற்கும், இருவர் இறங்குவர், பேருந்து புறப்பட்டுவிடும். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே அவ்வூரைக் கடந்து சென்றவர்தாம். கல்லூரியிலே வரலாறு கற்பிக்கும் நமக்கு, வழியோரத்திலே வரலாறு கிடந்தும் கண் திறக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

கண் திறந்தது 2019ஆம் ஆண்டிலே. அதற்கு முந்திய ஆண்டில், சாங்காய் அரும்பொருளகத்து ஆய்வாளர்கள் இலங்கை மத்திய கலாசார நிதியத்தோடு சேர்ந்து அல்லைப்பிட்டியில் அகழ்ந்து, சொங் வமிச காலத்துச் சீனப் பீங்கான் துண்டுகளைக் கண்டெடுத்தனர். 1970களிலேயே ஜோன் கார்ஸ்வெல் என்னும் அறிஞர் இவ்வூர்ப் பீங்கான்களை ஆராய்ந்திருந்தார். தென்சீனச் சூளைகளிலே, ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் சுடப்பட்ட கலங்கள் அவை. அந்த மண்ணை மாணவர்க்குக் காட்டவேண்டுமென்று பன்னிருவரை அழைத்துக்கொண்டு ஒருநாட் காலையிலே புறப்பட்டோம்.

பிட்டி என்றால் மேட்டுநிலம். ஆயினும் கடல்மட்டத்துக்கு மேலே அவ்வூர் எழுந்து நிற்பது மிகச் சிறிதளவே. ஒருபுறம் முழங்காலளவு நீரிலே மனிதர் நடந்து திரியும் பரவைக்கடல், அதிலே வரிசையாகக் கம்புகள் நட்டுக் கட்டிய களங்கட்டி வலைகள், மறுபுறம் பனங்கூடல். கிடுகு வேலிகளுக்கு அப்பால், முற்றத்துப் பாயிலே ஒடியல் காய்ந்துகொண்டிருந்தது. இவற்றையெல்லாம் வழிக்காட்சியாகவே எண்ணி, சோழர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்துக்கு விடுத்த தூதுக்குழுக்களைப் பற்றி உரத்த குரலிலே விளக்கிக்கொண்டு நடந்தோம். அக்காலத்துச் சீனக் கலங்கள் கிழக்கே பிலிப்பைன்ஸ் தீவுகளின் பூத்துவான் துறைமுகத்திலும் கிடைத்துள்ளன. அவ்வூரும் 1001ஆம் ஆண்டிலே சீன அரசவைக்குத் தூதனுப்பியது. இரு சிற்றூர்களும் ஒரே வணிகக் கடலின் இரு கரைகள் என்று நாம் சொன்னபோது மாணவர் வியந்தனர்.

நண்பகலாயிற்று. தாகம் மிகுந்தது. ஒரு வீட்டுப் படலையிலே நின்று தண்ணீர் கேட்டோம். எழுபது வயது கடந்த ஆச்சி ஒருவர், “உள்ளுக்கு வாங்கோ தம்பி, ஏன் வெய்யிலுக்கை நிக்கிறியள்?” என்று அழைத்து, திண்ணையிலே இருத்தி, செம்பு நிறைய நீர் கொண்டுவந்து தந்தார். கையெல்லாம் புழுதி. எனவே பாதி நீரைக் கைக்கும் முகத்துக்கும் ஊற்றிக் கழுவிவிட்டு, மீதியைக் குடித்தோம். ஆசிரியர் செய்ததையே மாணவரும் செய்யத் தொடங்கினர்.

ஓரமாக நின்ற பேர்த்தி, பத்து வயதிருக்கும், பொறுக்கமாட்டாமல், “சேர், அது குடிக்கிற தண்ணி!” என்றாள்.

“சும்மா இரு பிள்ளை. வீட்டுக்கு வந்த ஆக்களிட்டை இதையே கதைக்கிறது?” என்று ஆச்சி அவளை அடக்கினார்.

ஆனால் சொல் வந்துவிட்டது. சிறுமியிடம் மெல்லக் கேட்டறிந்தோம். வளவிலே கிணறு இருந்தது. வாளியை இறக்கி அள்ளி வாயில் வைத்தோம், உவர்! குளிக்கலாம், துவைக்கலாம், குடித்தலாகாது. குடிநீர் பவுசரிலே வரும். அன்று வீட்டிலிருந்தது இரண்டு குடம். அடுத்த பவுசர் மறுநாள். அவற்றுள் ஒரு குடத்தை நாம் பதின்மூவரும் ஏறக்குறைய முடித்துவிட்டிருந்தோம். அதிலும் பாதி மண்ணிலே.

தீவின் நீர் எவ்வாறு அமைகின்றது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவது நன்று. மணலிலே ஊறிய மழைநீர், பாரமான கடல்நீரின் மேலே மெல்லிய படையாக மிதக்கின்றது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தாலோ, மழையைத் தாங்கும் மணலை அள்ளிச் சென்றாலோ, அந்தப் படை மெலிந்து உவர் மேலே வந்துவிடும். தீவார் நீரை எண்ணிச் செலவழிப்பது உலோபமன்று. நிலத்தை அறிந்த அறிவு.

நாம் மன்னிப்புக் கேட்டபோது ஆச்சி சிரித்தார். “தாகமெண்டு வந்த பிள்ளையளுக்கு அளந்தே குடுக்கிறது?” என்றார். பின்னர் மருமகன் காலையிற் கொண்டுவந்த நண்டும் மீனும், மரவள்ளியும் பயிற்றங்காயும் இட்டு வீட்டார்க்குக் காய்ச்சிய ஒடியற்கூழைப் பனையோலைப் பிளாக்களிலே வார்த்து, மாணவர் எல்லோருக்கும் சிறிது சிறிதாகப் பகிர்ந்தார். புளியும் உறைப்புமாக அதன் சுவை இன்னும் நாவிலே நிற்கின்றது.

அந்த வீட்டை அவர் இருமுறை விட்டு ஓடியவர். 1990இலே ஒருமுறை; 2006இலே மறுமுறை. அவ்வாண்டு மே 13ஆம் நாள் இரவு அல்லைப்பிட்டியிலும் அயலூர்களிலுமாகப் பதின்மூன்று பொதுமக்கள் கொல்லப்பட்டனர். ஆகஸ்டில், புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்தன. ஊர் வெறுமையாயிற்று. திரும்பி வந்தபின் முதலிலே செய்தது என்னவென்று கேட்டோம். “கிணறு இறைச்சனாங்கள்” என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

திரும்பும் வழியிலே ஒரு மாணவன் கேட்டான்: “சேர், அந்தக் காலத்திலை சீனாக் கப்பல்காரர் இங்கை இறங்கினபோது தண்ணி குடுத்தது ஆர்?”

நம்மிடம் விடையில்லை. நயினாதீவிலே பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. அயல்நாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்பது அதன் கருத்து. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதியும் அரசுக்கு என்று பங்கு முறையும் கூறுகின்றது. அரசன் பங்கு கல்லிலே இருக்கின்றது. கரையேறியவனுக்குச் செம்பு நீர் கொடுத்தவளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆயினும் அவள் இல்லாமல் எந்தத் துறைமுகம் நடந்திருக்கும்?

அடுத்த மாதம் நயினாதீவுக்குப் போனபோது அல்லைப்பிட்டிச் சந்தியிலே இறங்கினோம். இரு கைகளிலும் இரண்டு கலன் குடிநீர். ஆச்சி அவற்றைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். “தண்ணி கொண்டு வந்த ஆளைத் தண்ணி குடியாமல் விடுறதே, தம்பி?” என்று சொல்லி உள்ளே போய், அதே செம்பை நிறைத்துக் கொண்டுவந்தார்.

இம்முறை ஒரு துளியும் சிந்தாமல் குடித்தோம். பேர்த்தி அருகிலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.