மூச்சுக்கும் ஒரு பாடம்

மூச்சு விடுவதற்குக்கூட ஒருத்தி பாடம் படிக்க வேண்டுமா என்று நீங்கள் சிரிக்கலாம். நான் படித்தேன், அன்புத் தோழியரே! அதுவும் ஒருமுறை தோற்ற பிறகுதான் படித்தேன்.

எங்கள் ஊர் சிறுவாச்சூர். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் செல்வோர் மதுரகாளியம்மன் கோயிலை அறிவார்கள். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும். அந்நாட்களில் ஊரே திருவிழாக்கோலம் பூணும். மற்ற நாட்களில் எங்களுக்குச் சொந்தம் வெயிலும், பருத்தியும், மக்காச்சோளமும், தூசியும்தான்.

எனக்குச் சிறு வயது முதலே ஆஸ்துமா உண்டு. நள்ளிரவில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் கேட்கும். அப்பாயி எழுந்து உட்கார வைத்து முதுகைத் தடவுவார். தூதுவளை ரசம் வரும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, “ஐதராபாத்துல மிருகசீரிஷ நாள்ல உயிர் விரால் குஞ்சு வாயில மருந்து வச்சு முழுங்கச் சொல்றாங்களாம், கூட்டிக்கிட்டுப் போங்க” என்பார். அது நோயைத் தீர்க்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு மீனை நினைத்துத்தான் பயம்!

மருத்துவர் இரண்டு இன்ஹேலர்கள் தந்திருந்தார். பழுப்பு நிறத்தது காலையும் மாலையும் தவறாமல். நீல நிறத்தது இளைப்பு வரும்போது. ஆனால் எட்டாம் வகுப்பில் ஒருத்தி, “இது பழகிட்டா விடவே முடியாதாமே” என்று கேட்ட நாளிலிருந்து அதைப் பையின் அடியில் ஒளித்துவைத்தேன். ஒன்பதாம் வகுப்புத் தீபாவளிக்குப் பிறகு உடம்பு நன்றாகவே இருந்தது. குணமாகிவிட்டது என்று நானே முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் பழுப்பு மருந்தை நிறுத்திவிட்டேன்.

தை மாதம். களத்தில் மிஷின் வைத்துச் சோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். சுணையும் தூசியும் மூடுபனிபோல் நின்றன. பத்து நிமிடம் இருக்கும். “அப்பா… வண்டி…” அதற்குமேல் வார்த்தை வரவில்லை. நீல இன்ஹேலரோ வீட்டில்! பெரம்பலூர் எட்டுக் கிலோமீட்டர்தான். அன்று அது முடியவே இல்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்திருந்த என் விரல்கள் நடுங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

நெபுலைசர் வைத்து மூச்சு திரும்பிய பிறகு மருத்துவர் கேட்டார்: “தினமும் மருந்து எடுக்கிறாயா?”

“எடுக்கிறேன், சார்.”

“கடைசியாக எப்போது புதிது வாங்கினீர்கள்?” என்று அப்பாவைக் கேட்டார்.

“தீபாவளிக்கு முன்னால வாங்கினதுங்க. இன்னும் இருக்குதுங்க,” என்றார் அப்பா, வெள்ளை மனத்தோடு.

மருத்துவர் என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று அவர் விளக்கியது இதுதான். எங்களைப் போன்றோரின் மூச்சுக்குழல் உட்புறம் வீங்கியே இருக்கும். இளைப்பு இல்லாத நாளிலும் அந்த வீக்கம் இருக்கலாம். தூசியோ புகையோ குளிரோ சளிக்காய்ச்சலோ பட்டதும் சுற்றியுள்ள தசையும் இறுகி, சளியும் சேர்ந்து, வழி குறுகிப்போகும். நீலம் தசையைத் தளர்த்தும். வீக்கத்தைத் தணிப்பது பழுப்புதான். மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும். அடிமையாக்கும் என்பதெல்லாம் வீண்பேச்சு.

இப்போது எங்கள் வீட்டு வழக்கங்களே மாறிவிட்டன. ஸ்பேசர் குழாய் வைத்து மருந்தை மெல்ல இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி, பிறகு வாய் கொப்பளிக்கிறேன். கொப்பளிக்காவிட்டால் வாயில் வெண்படலம் வரக்கூடும். தலையணை உறை வாரம் ஒருமுறை வெந்நீரில். கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது. போகியன்று கதவடைத்து வீட்டுக்குள். சோளம் அடிக்கும் நாளில் அத்தை வீடு. மிகக் கடினமாக இருந்தது வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிதான். அப்பாயி இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாம் வாரம் தூபக்காலைத் தாமாகவே வாசலுக்கு எடுத்துப்போனார். “சாமி வெளியிலயும்தான் இருக்கு,” என்று முணுமுணுத்தார்!

ஓடக்கூடாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆஸ்துமா உள்ள ஜாக்கி ஜாய்னர்-கெர்சி 1988, 1992 ஒலிம்பிக்கில் ஏழு போட்டிகள் அடங்கிய ஹெப்டத்லானில் தங்கம் வென்றவர் என்று விளையாட்டு ஆசிரியையான சிஸ்டர் சொன்னார். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கால் மணி நேரம் மெதுவாக உடலைச் சூடாக்கிவிட்டு, இவ்வாண்டு 800 மீட்டர் ஓடினேன். நான்காவதாக வந்தேன். (ஐந்து பேர்தான் ஓடினோம், அதை அப்பாயியிடம் சொல்லவில்லை.)

இன்ஹேலர் இப்போது பையின் முன்னறையில் இருக்கிறது. எனக்கு இளைத்தால் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், சுற்றிக் கூடக்கூடாது, நீல இன்ஹேலரை உடனே கொடுக்க வேண்டும், அப்படியும் அடங்காவிட்டால் மருத்துவமனைக்குத்தான் என்று வகுப்பில் அனைவருக்கும் தெரியும். எட்டாம் வகுப்பில் அப்படிக் கேட்டவள்தான் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பா அன்றைய பொய்யைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. இரவு விளக்கணைக்கும் முன் மட்டும், “போட்டாச்சா, தாயி?” என்பார். நான் இன்ஹேலரில் உள்ள எண்ணை அவரிடம் காட்டுவேன். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நேற்றைய எண்ணில் இரண்டு குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.