வாய் திறவா நாட்கள்

அகர ஆகாரங்கள் வாயைத் திறத்தலாகிய அங்காத்தல் முயற்சியாற் பிறப்பன என்பது தொல்காப்பியமும் நன்னூலும் உணர்த்தும் செய்தி. ஆண்டுதோறும் மாணவர்க்கு அதனைக் கற்பித்த எமக்கே, ஆகாரத்தைச் செவ்வனே ஒலிக்க இயலாத காலம் ஒன்று நேர்ந்தது. ஈச்சிலம்பற்றில் ஆசிரியப் பணி புரியும் எமக்கு வாயே கருவி. ஆதலின் அந்நோயின் வரலாற்றை ஈண்டு வரைகின்றோம்.

வலச்செவியின் முன்னே சிறு வீக்கம், மெல்லுந்தோறும் நோவு, வாய் திறக்கும்போது மணல் அரைபடுவது போன்ற ஓசை. நாளடைவில், மூன்று விரல் புகவேண்டிய வாயில் ஒரு விரலே புகுந்தது. காதுநோய் என்றனர் சிலர். கடைவாய்ப்பல்லின் குற்றம் என்றனர் வேறு சிலர். புற்றோ என்னும் ஐயம் இல்லத்தாரின் உறக்கத்தைக் கெடுத்தது.

சி.ரி., எம்.ஆர்.ஐ. படங்களை நோக்கிய வாய்முகச் சத்திரசிகிச்சை நிபுணரே ஐயம் அகற்றினார். மூட்டின் உட்சவ்வு இயல்பு திரிந்து கசியிழையச் சிறுமணிகளைத் தோற்றுவிக்க, அவை கழன்று மூட்டினுள் உலாவுகின்றன. இதனைச் சினோவியல் கொண்ட்ரோமற்றோசிஸ் என்பர். முழங்காலிற் பெரிதும் காணப்படும் இது தாடைமூட்டில் அரிது. சுண்ணமேறாத மணிகள் எக்ஸ்-கதிர்ப் படத்திற் புலப்படா. இது புற்றன்று, ஆயினும் வாளாவிருப்பின் மூட்டெலும்பை அரிக்கும், சிலரில் மேலுள்ள மண்டையோட்டெலும்பையும் அரித்துச் செல்லும்.

மணிகள் சிறியனவாயின், நுண்குழாய் செலுத்தி மூட்டைக் கழுவி அகற்றலாம். பெரியனவாயின், செவிமுன் கீறி மூட்டைத் திறந்து, மணிகளுடன் நோயுற்ற சவ்வையும் களைதல் வேண்டும்; சவ்வு எஞ்சின் மீண்டும் விளையக்கூடும். எமக்குச் செய்தது இப்பின்னைய முறையே. அவ்விடத்தே முகநரம்பின் கிளைகள் செல்கின்றமையால், எமது வலப்புருவம் சில வாரம் உயராதிருந்து பின் தேறிற்று. அதுகாறும் மாணவர்க்குச் சினம் காட்ட எமக்கு ஒரு புருவமே உதவியது!

சத்திரசிகிச்சையினும் அரியதாயிருந்தது பின்வந்த பயிற்சி. மெல்லிய மரத்தகடுகளைப் பற்களுக்கிடையே அடுக்கி, சில நாளுக்கு ஒன்றாகக் கூட்டி, வாயைச் சிறிது சிறிதாகத் திறந்தோம். நோவுக்கு அஞ்சி அதனைக் கைவிடின் மூட்டு மீண்டும் இறுகும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன் வைத்தியரை அந்நாட்களில் நன்றியுடன் நினைந்தோம். எம் நிபுணரும் படம் வரைந்து தமிழில் விளக்கினார். பெயரறியா நோயால் எழுந்த பேரச்சத்தை அவ்விளக்கமே தணித்தது. அன்பர்காள், செவிமுன் வீக்கமும் வாய் திறவாமையும் வாரக்கணக்கில் நீடிப்பின், பல்லென்றும் செவியென்றும் ஊகித்து நாள் போக்காது, தாடைமூட்டையும் ஆராயுமாறு வைத்தியரை வேண்டுமின்.