கடல் இல்லாத மாவட்டத்திலிருந்து கடலுக்கு ஒரு நாள்

சாரல் காலம் வந்துவிட்டால் ஊர் உலகமே குற்றாலத்துக்கு வண்டி கட்டும். பாவூர்சத்திரத்துக்காரர்களுக்குக் குற்றாலம் பக்கத்து வீடு மாதிரி. நினைத்தால் பஸ் ஏறிப் போய், குளித்துவிட்டு, மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அதனால் அவர்கள் வீட்டில் ‘டூர்’ என்று பேச்சு எழுந்தால், எல்லோர் முகமும் கிழக்கே திரும்பும். கடல் பார்க்க!

தென்காசி மாவட்டத்தில் மலை உண்டு, அருவி உண்டு, ஆறு உண்டு. கடற்கரை மட்டும் இல்லை. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது திருச்செந்தூர் அதோடு போனது. 2019-ல் தென்காசி பிரிந்தபோது உவரிக் கரை நெல்லையோடு நின்றுவிட்டது. மேற்கே செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக ரயிலில் போனால் கொல்லத்திலும் கடல் இருக்கிறதுதான். ஆனாலும் இந்தப் பக்கத்து ஆச்சிமாருக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். சாமியும் கும்பிடலாம், கடலிலும் முங்கலாம்.

ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். வாடகைக் கார் பிடித்தால் சுகமாகப் போய் வரலாம். ஆனால் பீடி சுற்றும் வீட்டுக்கும், காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் வீட்டுக்கும் அது கட்டுப்படியாகாது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அதற்கு மேல் கார் வாடகையும் என்றால், கடல் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். அந்த வீடுகளுக்குக் கடலைக் காட்டுவது பஸ்ஸும் ரயிலும்தான். பஸ்ஸில் ஆலங்குளம், திருநெல்வேலி வழி. செலவு குறைய வேண்டும், பிள்ளைகளுக்கு ஜன்னலோர வேடிக்கையும் வேண்டும் என்றால் ரயில்.

காலை வண்டிக்குப் போகிற வீட்டில் விடியுமுன்பே அடுப்பு எரியும். புளிச்சோறு, தேங்காய்த் துவையல், வாழையிலைப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி. “எல்லாரும் வந்தாச்சா?” என்று பிளாட்பாரத்தில் தலை எண்ணி முடிப்பதற்குள் செங்கோட்டையிலிருந்து வண்டி வந்துவிடும். திருநெல்வேலியில் இறங்கி திருச்செந்தூர் வண்டிக்கு மாற வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து தண்டவாளம் செங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது 1903-ல். திருச்செந்தூர்ப் பாதை 1923-ல் வந்தது. இரண்டுமே மீட்டர் கேஜாக இருந்து அகலப் பாதையானவை. திருச்செந்தூர்ப் பாதை 2008-லும், தென்காசிப் பாதை 2012-லும் மாறின.

இந்த வழியில் பெரிய வேடிக்கை தாமிரபரணிதான். அம்பாசமுத்திரம் தாண்டியதும் வண்டி ஆற்றைக் கடந்து கல்லிடைக்குறிச்சிக்குப் போகும். சேரன்மகாதேவிக்கும் பேட்டைக்கும் நடுவில் மறுபடி கடக்கும். திருநெல்வேலியில் மாறிய வண்டி பாளையங்கோட்டைக்குப் போகையில் மூன்றாம் முறை. “ஆச்சி, இது அதே ஆறா?” என்று பிள்ளை கேட்டால், அதே ஆறுதான். குற்றாலத்தில் தலையில் விழுகிற தண்ணீரும் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி அருகே இதில்தான் சேருகிறது. ஸ்ரீவைகுண்டத்தில் கடைசி அணைக்கட்டைத் தாண்டி, புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. ஆறு போகும் திசையில்தான் இந்தக் குடும்பமும் போகிறது.

இந்த ஆறு சாதுவாகவே இருந்துவிடுவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியே இல்லை. வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. நிலையத்தை ஒட்டிய புதுக்குடி மக்கள், தங்கள் ஊரும் வெள்ளத்தில் தவித்த நேரத்தில், இருந்ததைப் போட்டுச் சமைத்து அந்தப் பயணிகளுக்குப் போட்டார்கள். இன்று வண்டி அங்கே ஓரிரு நிமிடம் நின்று கிளம்பிவிடுகிறது. புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு போகிறவர்கள் அந்த நிலையத்தைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கலாம்.

அப்புறம் ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர். வயலும் வாழையும் குறைந்து பனைமரங்கள் கூடும். ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளங்கள் தெரியும்போது காற்றில் ஈரம் மாறிவிடும். “கடலு எப்ப வரும் ஆச்சி?” “இரு தாயி, காத்து வந்துட்டுல்லா. பின்னாலயே அதுவும் வரும்.”

திருச்செந்தூர் நிலையத்தில் இறங்கி, ஆட்டோவிலோ பஸ்ஸிலோ கோவில் வாசல். அறுபடை வீடுகளில் கடலோரம் இருப்பது இது ஒன்றுதான். 2025 ஜூலை 7-ல் குடமுழுக்கு நடந்தது. விடுமுறை, கிருத்திகை, சஷ்டி நாட்களில் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். கடலுக்கென்றே வருகிறவர்கள் சாதாரணக் கிழமையில் வருவது நல்லது. கடலில் முங்கியவர்கள் நாழிக்கிணற்றிலும் குளிப்பது வழக்கம். அலை அடிக்கும் தூரத்தில், உப்புக் கரிக்காத தண்ணீர்!

ஒரு விஷயத்தில் மட்டும் மலையடிவாரத்துக்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள். ‘நாங்க பாக்காத தண்ணியா?’ என்ற துணிச்சல் அது. அருவித் தண்ணீர் மேலிருந்து விழும். அடி எங்கே படும் என்று தெரியும். கடல் வந்து தள்ளுவதைவிட, திரும்பும்போது காலடி மணலோடு சேர்த்து இழுப்பதுதான் ஆபத்து. சமீப ஆண்டுகளில் கோவில் முன்பு கடல் அரித்து, கரை சில நேரம் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக அறுந்து நிற்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கும்போது பாசி பிடித்த பாறைகள் வெளியே தெரியும். அதில் ஏறிப் படம் எடுக்கப் போனால் கால் வழுக்கும். பாதுகாப்புக்கு நிற்பவர்கள் விசில் ஊதினால், குற்றாலத்தில் போலீஸ் விசிலுக்கு விலகுவது போலவே உடனே விலகிவிட வேண்டும். முழங்கால் அளவுக்கு மேல் வேண்டாம். சின்னப் பிள்ளையின் கை பெரியவர் கையில் இருக்கட்டும்.

மதியம் நிழல் பார்த்து உட்கார்ந்து பொட்டலம் பிரிக்கும் நேரம்தான் இந்த நாளின் நடு. பிள்ளைகள் சோற்றை விட்டுவிட்டு அலையைப் பார்ப்பார்கள். அப்பா எப்போது தூங்கினார் என்றே தெரியாது. நாள் முழுக்க மடியில் பீடித் தட்டோடு குனிந்தே இருக்கும் அம்மா, கையில் எந்த வேலையும் இல்லாமல், நிமிர்ந்து தூரத்தில் போகிற படகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கூலி எங்கே போனது என்று யாராவது கேட்டால், இங்கேதான் போனது.

திரும்பும்போது கடைத்தெருவில் சில்லுக்கருப்பட்டி, பனங்கற்கண்டு, ஒரு சங்கு, பிள்ளைகள் அடம்பிடித்த ஒரு பொம்மை. ஆனால் ஒரு கண் கடிகாரத்தில் இருக்க வேண்டும். இந்த வழியில் வண்டிகள் குறைவு. ஒன்றை விட்டால் திருநெல்வேலியில் அடுத்த இணைப்பும் போய்விடும். இரு வழி நேரத்தையும் முந்தின நாளே பார்த்து எழுதிக்கொள்வது உத்தமம். தவறிப்போனாலும் பயமில்லை. திருநெல்வேலி புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசி பஸ் உண்டு.

வண்டி மேற்கே திரும்பியதும் ஜன்னலில் மலை தெரிய ஆரம்பிக்கும். காலையில் கடலைத் தேடிய பிள்ளை ஆச்சி மடியில் தூங்கியிருக்கும். பாவூர்சத்திரத்தில் எழுப்பி இறக்கும்போது, கால்சட்டைப் பையிலிருந்து மணலும் இரண்டு சிப்பியும் பிளாட்பாரத்தில் விழும். “ஏல, பாத்து!” என்று அதட்டிக்கொண்டே, அந்தச் சிப்பிகளை அம்மா பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வாள்.