ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கம் குற்றம், இந்தப் பக்கம் சாமி வாக்கு

1/
ஓசூர் தாண்டினா ஜூஜூவாடி. அதையும் தாண்டினா அத்திப்பள்ளி, கர்நாடகா. பாம்பு கடிச்ச ஒருத்தரை ஆஸ்பத்திரிக்குப் போக விடாம தடுத்து, மந்திரிச்சுக் கயிறு கட்டினா அத்திப்பள்ளியில அது ஜெயிலுக்குப் போற குற்றம். ஜூஜூவாடியில அதுக்குன்னு தனிச்சட்டம் கிடையாது. நமக்கும் அப்படி ஒண்ணு வேணுமா? கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
நான் மத்தூர் பக்கம் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். வக்கீல் இல்லை. ஆனா குறி கேட்டு, மந்திரிச்சுக்கிட்டு, கடைசியா எங்ககிட்ட வர்ற நோயாளிகளை அடிக்கடி பார்க்கிறேன். காமாலை, வலிப்பு, நாய்க்கடி, பாம்புக்கடி, பிரசவத்துக்குப் பிறகு மனநிலை மாறின பெண்கள். அதனாலதான் இந்தச் சட்டங்களை உட்கார்ந்து படிச்சேன்.

3/
முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எங்க குலதெய்வக் கோயில்ல பொங்கல் வைக்கிறப்போ எங்க பெரியம்மாவுக்கு சாமி வரும். நானும் கும்பிட்டு திருநீறு வாங்கிக்குவேன். இந்த த்ரெட் அதுக்கு எதிரா இல்லை. சாமி வர்றதை மருத்துவமும் அப்படியே நோய்னு சொல்லிடறதில்லை.

4/
உலக சுகாதார நிறுவனத்தோட நோய் வகைப்பாட்டுல (ஐ.சி.டி. 11) ஆவியோ தெய்வமோ உடம்புல இறங்கின நிலைக்கு ஒரு பேர் உண்டு. ஆனா அதை நோய்னு எழுத நிபந்தனை இருக்கு. அந்த ஊர் வழக்கம், மத வழக்கத்துக்கு உட்பட்டதா இருந்தா அது நோய் இல்லை. அவங்க விரும்பாம வந்து, அவங்க வாழ்க்கையைக் கெடுக்கிற அளவுக்குப் போனாதான் நோய். இந்தக் கோட்டை ஞாபகம் வச்சுக்கோங்க. சட்டமும் கிட்டத்தட்ட இங்கேயேதான் கோடு போடுது.

5/
இப்போ ஒரு கேஸ். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். சிப்காட்ல ஷிஃப்ட் வேலை பார்க்கிற பையன். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து தரையில பாய் போட்டுப் படுத்திருக்கான். விடியக்காலையில வயித்து வலி, வாந்தி. கொஞ்ச நேரத்துல கண் இமை தானா மூடிக்குது, பேச்சு குழறுது. உடம்புல எங்கேயும் காயம் தெரியலை.

6/
"புளியந்தோப்பு வழியா வந்தான், காத்து கருப்பு அடிச்சிடுச்சு"னு குறி சொல்றவர்கிட்ட தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவருக்கு சாமி வந்து வாக்கு சொல்லியிருக்கு: "மூணு நாளைக்கு வாசப்படி தாண்டக் கூடாது. தாண்டினா உசுருக்கு நான் பொறுப்பில்லை." வேப்பிலை அடிச்சு, கயிறு கட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

7/
அவனுக்கு நடந்தது கட்டுவிரியன் கடி. இது ராத்திரியில வரும், தரையில படுத்திருக்கிறவங்களைக் கடிக்கும். பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. முதல் அறிகுறி வயித்து வலியா இருக்கும். அப்புறம் இமை விழும், முழுங்க முடியாது, கடைசியா மூச்சுத் தசை நின்னுடும். வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு இது "பேய் அடிச்ச" மாதிரியேதான் இருக்கும். அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

8/
கம்பெனியில கூட வேலை பார்க்கிற பையன் ஒருத்தன் பார்க்க வந்திருக்கான். சண்டை போட்டு, பைக்ல நடுவுல உட்கார வச்சு எங்ககிட்ட கொண்டு வந்துட்டான். குழாய் போட்டு, ஆம்பு பையை அமுக்கிக்கிட்டே விஷமுறிவு மருந்து ஏத்தி, 108ல கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். சில நாள் வென்டிலேட்டர். பிழைச்சுட்டான்.

9/
விஷமுறிவு மருந்து ரத்தத்துல சுத்துற விஷத்தைப் பிடிக்கும். நரம்பு முனையில ஏற்கெனவே வேலையை முடிச்ச கட்டுவிரியன் விஷத்தை அதால திருப்பி எடுக்க முடியாது. அதனால ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். "மூணு நாள் வாசப்படி தாண்டாதே"ங்கிற ஒரு வாக்கு, அந்தப் பையனுக்கு மரண தண்டனை மாதிரிதான்.

10/
அப்புறம் அவங்க அம்மாகிட்ட கேட்டேன், "ஏம்மா, புகார் ஏதாவது கொடுக்கறீங்களா?" அவங்க பதில்: "சாமி சொன்னதுக்கு யாருமேல சார் புகார் கொடுக்கிறது? அவரு என்ன பண்ணுவாரு, வாக்கு சாமியோடது." இந்தப் பதில்தான் என்னை சட்டப் புத்தகம் பக்கம் தள்ளுச்சு. சாமி சொன்னதுக்கு யார் பொறுப்பு?

11/
பக்கத்து மாநிலத்துல இருந்து ஆரம்பிப்போம். கர்நாடகாவுல மனிதத்தன்மையற்ற தீய பழக்கங்களையும் மாந்திரீகத்தையும் தடுக்கிற சட்டம் 2017ல நிறைவேறி, 2020 ஜனவரியில நடைமுறைக்கு வந்துச்சு. பேய் ஓட்டுறேன்னு கட்டி வச்சு அடிக்கிறது, நாய், பாம்பு, தேள் கடிச்சவங்களை சிகிச்சைக்குப் போக விடாம மந்திரிக்கிறதுன்னு, எது எது குற்றம்னு ஒரு பட்டியலே இருக்கு.

12/
அதே சட்டம் எதையெல்லாம் தொடலைனும் எழுதியிருக்கு. கோயில் சுத்துறது, யாத்திரை, பஜனை, ஹரிகதை, ஜோசியம், வாஸ்து ஆலோசனை எல்லாம் வெளியே. ஜோசியத்தை ஏன் விட்டாங்கன்னு பகுத்தறிவாளர்களுக்குக் கோபம். இதையெல்லாம் ஏன் தொட்டாங்கன்னு பக்தர்கள்ல சிலருக்குக் கோபம். எனக்கு அது சரியான இடத்துல போட்ட கோடாத்தான் தெரியுது.

13/
இதுக்கு முன்னோடி மகாராஷ்டிரா சட்டம். அதுக்காகப் பல வருஷம் போராடினவர் நரேந்திர தபோல்கர். அவரும் எம்.பி.பி.எஸ். படிச்ச டாக்டர்தான். 2013 ஆகஸ்ட் 20, புனேயில காலை நடைப்பயிற்சியில சுட்டுக் கொன்னாங்க. அவர் உயிரோட இருந்தவரைக்கும் வராத சட்டம், அவர் செத்த சில நாள்ல அவசரச் சட்டமா வந்துச்சு. அந்த டிசம்பர்ல சட்டமன்றத்துல நிறைவேறுச்சு. 6 மாசத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் சிறை.

14/
அதுல ஒரு பிரிவு நம்ம கேள்விக்கு நேரா பதில் சொல்லுது. தன் உடம்புல ஏதோ சக்தி இறங்கியிருக்குன்னு நம்ப வச்சு, மத்தவங்களைப் பயமுறுத்தி, "நான் சொல்றதைக் கேக்கலைன்னா கெட்டது நடக்கும்"னு மிரட்டினா குற்றம். சாமி வந்தது குற்றம் இல்லை. சாமி பேரைச் சொல்லி மிரட்டினதுதான் குற்றம். வாக்கு யாரோடதா இருந்தாலும், சொன்ன வாய்தான் பொறுப்பு.

15/
சரி, தமிழ்நாட்டுல ஒண்ணுமே இல்லையா? இருக்கு, சிதறிக் கிடக்கு. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 354: தெய்வக் கோபத்துக்கு ஆளாவேன்னு ஒருத்தரை நம்ப வச்சு, அவர் செய்ய உரிமையுள்ள ஒண்ணைச் செய்ய விடாம பண்ணினா ஒரு வருஷம் வரை சிறை. இது புதுசு இல்லை. 1860ல வெள்ளைக்காரன் எழுதின ஐ.பி.சி.யில 508ஆ இருந்ததுதான்.

16/
"வாசப்படி தாண்டினா சாமி கோவிக்கும்"ங்கிறதுக்கு அந்தப் பிரிவு அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்தும். ஆனா அது போலீஸ் தானா விசாரிக்க முடியாத குற்றம், மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும். ஜாமீனும் உண்டு. மகாராஷ்டிரா சட்டத்துல போலீஸ் நேரடியா நடவடிக்கை எடுக்கலாம். அம்மா புகார் கொடுக்க மாட்டாங்கன்னா, இந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு.

17/
அடுத்தது 1954ஆம் வருஷத்து மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டம். நோய் தீர்க்கும்னு தாயத்து, மந்திரம், கவசம் பத்தி விளம்பரம் பண்றதைத் தடுக்கிற சட்டம். சுவத்துல, செல்போன்ல பார்க்கிற "ஒரே நாளில் தீர்வு" விளம்பரம் பலதும் இதுல மாட்டும். ஆனா விளம்பரம் இல்லாம திண்ணையில உட்கார்ந்து மந்திரிக்கிறவரை இந்தச் சட்டம் தொடாது.

18/
அப்புறம் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. பிரிவு 95: மனநோயாளியை எந்த வடிவத்துலயும் சங்கிலியில கட்டக் கூடாது. இது எங்கேயோ நடந்த கதையைப் பார்த்து எழுதினது மட்டும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6, நம்ம ஏர்வாடி. சங்கிலியில கட்டியிருந்ததால தீ வந்தப்போ ஓட முடியாம 28 பேர் செத்தாங்க.

19/
அதே ஏர்வாடியில அப்புறம் நல்லதும் நடந்துச்சு. தர்கா பக்கத்துலயே அரசு மனநல சிகிச்சை. தவா, துவா, அதாவது மருந்தும் பிரார்த்தனையும். துவா ஓதுறவங்களே "மாத்திரையும் வாங்கிக்கோங்க"ன்னு அனுப்பி வைக்கிறாங்க. நம்பிக்கையை விட்டுட்டு வான்னு யாரையும் கேக்கலை.

20/
பிரிட்டன் அனுபவத்தையும் பாருங்க. ஆவியோட பேசுறேன்னு ஏமாத்துறவங்களுக்காக 1951ல தனிச்சட்டம் போட்டாங்க. ஆனா "ஏமாத்தணும்ங்கிற எண்ணத்தோடதான் செஞ்சாங்க"ன்னு நிரூபிக்கணும். எனக்கு நிஜமாவே ஆவி வருதுன்னு ஒருத்தர் சொன்னா, பொய்னு எப்படிக் காட்டுறது? 2008ல அந்தச் சட்டத்தை நீக்கிட்டு, நுகர்வோர் பாதுகாப்பு விதிகளுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க.

21/
அதனால நம்ம ஊருக்கு சட்டம் எழுதினா, மந்திரிக்கிறவர் மனசுக்குள்ள என்ன இருக்குன்னு தேடவே வேணாம். அவர் உண்மையாவே நம்பலாம். அடிச்சாரா, கட்டி வச்சாரா, பட்டினி போட்டாரா, "ஆஸ்பத்திரிக்குப் போகாதே, மாத்திரையை நிறுத்து"ன்னு சொன்னாரா? இது மட்டும்தான் கேள்வி. ஆமான்னா குற்றம். போலீஸ் தானா வழக்குப் பதியணும், டாக்டர் கொடுக்கிற தகவலே அதுக்குப் போதுமானதா இருக்கணும்.

22/
சட்டம் வந்தா மட்டும் மாறிடுமா? மாறாது. இந்தியாவுல 300க்கு மேல பாம்பு இனம், பெரும்பாலானது விஷமில்லாதது. விஷப்பாம்பு கடிச்சாலும் சில சமயம் விஷம் இறங்காது. அப்படிப்பட்ட பத்து பேருக்கு மந்திரிச்சா பத்து பேரும் பிழைப்பாங்க, அவருக்குப் பேரும் வந்துடும். பதினோராவதா வர்றவனுக்கு நிஜமா விஷம் ஏறியிருக்கும்.

23/
இன்னொண்ணு. குறி சொல்றவர் அரை மணி நேரம் உட்கார வச்சு, குடும்பத்தையே விசாரிச்சு, "ஏன் உனக்கு இது வந்துச்சு"ன்னு ஒரு காரணம் சொல்றார். எங்க ஓ.பி. வரிசையில ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெருசு. இரவு டாக்டர், விஷமுறிவு மருந்து, 108, மனநல மருத்துவர் இதெல்லாம் பக்கத்துலயே கிடைக்கணும். அதைக் கொடுக்காத அரசு சட்டம் மட்டும் போட்டா, ஜனங்க ஒளிஞ்சு போவாங்க, அவ்வளவுதான்.

24/
2024 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். கணக்கு வர ஆரம்பிச்சிருக்கு. அந்தப் படிவத்துல "முதல்ல எங்கே போனீங்க, எத்தனை மணி நேரம் ஆச்சு"ங்கிறதையும் தவறாம எழுதினா, சட்டம் எங்கே வேணும், ஆம்புலன்ஸ் எங்கே வேணும்னு அதுவே சொல்லிடும்.

25/
கடைசியா, சேமிச்சு வச்சுக்கோங்க:
பூச்சி கடிச்ச மாதிரி சந்தேகம் இருந்தாலே 108.
கடிச்ச கை, காலை அசைக்காதீங்க. இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க.
பாம்பைத் தேடிப் பிடிக்க நேரம் செலவழிக்காதீங்க.
தரையில படுத்தவங்களுக்கு விடியக்காலை வயித்து வலியோட இமை விழுந்தா, காயம் இல்லாட்டியும் உடனே வாங்க.
கொசுவலையை பாய்க்கு அடியில சொருகிட்டுத் தூங்குங்க.

26/
பூசாரி அண்ணன்கள், குறி சொல்ற அக்காக்கள் யாராவது இதைப் படிச்சா: திருநீறு பூசுங்க, கயிறு கட்டுங்க, நாங்க அவுக்க மாட்டோம். ஆனா "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ, நான் இங்கே வேண்டிக்கிறேன்"னு உங்க வாக்குல சொல்லிடுங்க. எங்களைவிட உங்க பேச்சைத்தான் அவங்க சீக்கிரம் கேக்கறாங்க.