குதிரைக்கு முதலில் கால்

“மூஞ்சி அப்புறம் பாத்துக்கலாம். எல்லாரும் மொதல்ல காலப் பண்ணுங்க.”

சுடுமண் வகுப்பு தொடங்கியதும் குயவர் பெரியவர் சொன்னது இதுதான். புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில், சங்கராபரணி ஆற்றுக்கு அதிகத் தொலைவில்லாத ஒரு சூளைக் கொட்டகை. ஒரு பக்கம் ஈரச் சாக்குப் போட்டு மூடிய களிமண் குவியல், மறுபக்கம் காய்கிற அகல் விளக்குகள், நடுவே நாங்கள். கல்லூரி மாணவிகள் இருவர், பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லித்தரும் ஆசிரியர், மகளிர் குழுவிலிருந்து வந்த பெண்கள், நான். எல்லோருக்கும் ஐயனார் குதிரை செய்யத்தான் ஆசை. குதிரை என்றால் உருண்ட கண், திறந்த வாய், கழுத்து மணி. பெரியவரோ நான்கு குழாய்களைச் செய்யச் சொல்கிறார்.

காலில்தான் குதிரையின் கணக்கு முழுதும் இருக்கிறது. மேலே ஏறப்போகும் உடம்பு ஈரமண். அந்தப் பாரத்தைச் சுடாத, பாதி காய்ந்த நான்கு கால்கள் தாங்க வேண்டும். ஈரம் மிகுந்திருந்தால் கால் மடங்கிவிடும். அதிகம் காய்ந்துவிட்டாலோ அடுத்து வைக்கிற மண் அதோடு ஒட்டாது. வெளியே ஒட்டியதுபோலத் தெரிந்தாலும் சூளையில் அந்த இடத்திலேயே பிளக்கும். நகம் பட்டால் கோடு விழ வேண்டும், விரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது. அந்தப் பதம் வரும்வரை விளிம்பில் ஈரத்துணி போர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெயில் நாளில் சீக்கிரம் வரும், மேகம் போட்டால் மறுநாள் ஆகும். காலைக் கெட்டியாக உருட்டி நிறுத்துவது எளிதுதான், ஆனால் உள்ளே தங்கிய ஈரம் நெருப்பில் வெடிக்கும். அதனால் குழாய், அதன் சுவர் எங்கும் ஒரே கனம். பெரியவர் குழாய்க்குள் இரண்டு விரலை விட்டு, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, “இங்க தடிச்சிருக்குது பாரு பாப்பா” என்று சரியான இடத்தைச் சொன்னார். மாணவி குழாயை அறுத்துப் பார்த்தாள். அவர் சொன்ன இடத்தில் தடித்திருந்தது.

பழைய கைத்தொழில்களை வகுப்பில் சேர்ந்து கற்பது இன்று உலகின் பல நாடுகளில் நடக்கிறது. 1966இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய ஒரு சங்கம், ஐரோப்பிய இடைக்கால வாழ்க்கையைத் திரும்ப நடித்துப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டது. அதன் உறுப்பினர்கள் நூல் நூற்கவும், இரும்பு வளையம் கோத்துக் கவசம் பின்னவும், இறகுப் பேனாவால் எழுதவும் ஒருவருக்கொருவர் வகுப்பெடுக்கிறார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு உறவுள்ள நாடான பிரான்சில் இன்னும் பெரிய காரியம் நடக்கிறது. புர்கோன் பகுதியில் கெதெலோன் என்ற இடத்தில் 1997 முதல் ஒரு கோட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எப்படிக் கட்டியிருப்பார்களோ அப்படியே: கல்லைக் கையால் உடைத்து, மரத்தைக் கோடாலியால் செதுக்கி, கூரை ஓடுகளை விறகுச் சூளையில் சுட்டு. அதை விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. 2019இல் பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தின் கூரை எரிந்தபோது, அதே முறையில் மரம் செதுக்கத் தெரிந்த தச்சர்கள் தேவைப்பட்டார்கள். கெதெலோனில் கை பழகியவர்களும் அந்த வேலைக்குப் போனார்கள்.

அந்த முயற்சிகளை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் வில்லியனூர்க் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வேறுபாடு உறைக்கிறது. அங்கே கற்றுத்தந்த கை எப்போதோ போய்விட்டது. இடிந்த சூளையைத் தோண்டி, ஏட்டுப் படங்களைப் பார்த்து, சுட்டுச் சுட்டு உடைத்துத்தான் அறிவை மீட்டார்கள். இங்கே அந்தக் கை நம் எதிரில் உட்கார்ந்து, குழாய்க்குள் விரல் விட்டுத் தடிப்பைச் சொல்கிறது. அதை நாம் கல்வி என்று எண்ணுவதே இல்லை.

இத்தனைக்கும் புதுச்சேரியின் கிராமப்புறம் கல்விக்குப் பேர் போனது. பாகூர்ச் செப்பேடு பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டு. பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததை அது சொல்கிறது. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் வரும் திருபுவனையில், 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒரு கல்லூரியைப் பதிவு செய்திருக்கிறது: முதலாம் இராசாதிராசன் காலத்தில் 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர்கள். வேதம், இலக்கணம், மீமாம்சை என்று பாடங்களும், யாருக்கு எவ்வளவு நெல் என்பதும் கல்லில் இருக்கின்றன. புதுச்சேரிக் கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்தவர் பாகூர் சு. குப்புசாமி. அவர் உழைப்பு இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்காது.

ஓவிய ஆசிரியர் ஒரு மாலை என்னைப் பாகூர் மூலநாதர் கோயிலுக்கு அழைத்துப்போனார். அடித்தளத்துச் சிறு சிறு ஆடல் சிற்பங்களைக் குனிந்து காட்டிக்கொண்டே வந்தவர், “வித்தியாஸ்தானம் எங்க இருந்துச்சுன்னு கேட்டா யாராலயும் காட்ட முடியாது சார். ஆனா இதச் செஞ்ச வித்தைய இப்பவும் மாமல்லபுரத்துல சொல்லித் தராங்க” என்றார். பாகூர்ச் செப்பேட்டில் எழுத்தைப் பொறித்தவரும் ஒரு தட்டார்தான். தட்டார் பொறிக்கும் வித்தையை எங்கே கற்றார் என்று எந்தச் செப்பேடும் சொல்லவில்லை. குயவர்களைப் பற்றிப் பல்லவர் செப்பேடுகள் சொல்வது பெரும்பாலும் அவர்கள் செலுத்திய குசக்காணம் என்ற வரியைப் பற்றித்தான். நெல்லும் ஊரும் பெற்ற கல்லூரிகள் போய்விட்டன. வரி கட்டியவர்களின் பாடம் வீட்டுத் திண்ணையிலும் சூளையடியிலும் இந்த நூற்றாண்டுவரை நடந்து வந்திருக்கிறது.

அந்தப் பாடத்தின் கடினமான பகுதி சூளை. வில்லியனூரில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுவார்கள். சூளை என்றதும் குரல் மாறும். அடியில் விறகும் வறட்டியும், மேலே கனமான உருவங்கள், இடுக்குகளில் அகலும் சிறு சட்டியும், அதற்கு மேல் வைக்கோல், கடைசியில் சேற்று மெழுகல். நெருப்பு வைத்தபின் நெடுநேரம் வெறும் புகைதான். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும். காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் மண்ணிலும் ஈரம் இருக்கிறது. அவசரமாக எரித்தால் அது நீராவியாகி உருவத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதன்பின், மண்துகளோடு கட்டுண்டு கிடக்கும் நீர் 500 டிகிரிக்கு மேல் வெளியேறும். அதைத் தாண்டிய மண் மறுபடி தண்ணீரில் கரையாது. நாட்டுச் சூளை 700, 800 டிகிரிவரை போகும். காற்று தாராளமாகப் போனால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும், காற்றை அடைத்தால் கறுக்கும். பெரியவரிடம் வெப்பமானி கிடையாது. சூளையின் புகைக்கண்ணுக்கு எதிரே நின்று புகையைப் பார்க்கிறார்.

“வெள்ளையா கெட்டியா வருது பாருங்க சார், அது தண்ணி. இப்ப வெறகு போட்டீங்கன்னா போச்சு. அது மெலிஞ்சு, கண்ணுக்குத் தெரியாம ஆவணும். அப்பத்தான் நெருப்ப ஏத்தணும்.”

புகை மெலிவதற்குள் இரவாகிவிட்டது. அவர் மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். அந்த அம்மா சக்கரத்தில் உட்கார்ந்ததே இல்லை. பல ஊர்களில் பெண்கள் சக்கரத்தைத் தொடக் கூடாது என்றொரு கட்டு இருந்தது. மண் மிதிப்பது, கல் பொறுக்குவது, தட்டிச் சீராக்குவது, செம்மண் பூச்சு ஏற்றுவது, தலையில் சுமந்து விற்பது எல்லாம் பெண்கள். சக்கரம் மட்டும் ஆண்களுக்கு. காதி ஆணையம் 2018 முதல் மின்சக்கரங்களைக் கொடுத்து வருகிறது. கட்டையால் உந்திச் சுற்றும் பழைய சக்கரத்துக்குத் தோள்பலம் வேண்டும், இதற்கு வேண்டாம். மகளிர் குழுப் பெண்கள் வகுப்பில் இந்தச் சக்கரத்தின் முன்னால்தான் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதற்கு, “எங்களுக்கு யாரு குடுத்தா?” என்று மட்டும் சொன்னார்.

இந்த ஒரு கேள்விக்காகவே பழமையைத் திரும்ப நிகழ்த்தும் ஆசையை நான் அளவோடு வைத்துக்கொள்கிறேன். பெர்க்லியில் ஒருவர் வாரக் கடைசியில் இடைக்காலக் குயவராகலாம், திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம். இங்கே குயவர் வீட்டில் பிறந்தவருக்கு அந்தத் தேர்வு இருந்ததில்லை. சாதியே பள்ளி, சாதியே வேலை. பெரியவரின் மகன் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறார். மாதச் சம்பளம், வைப்பு நிதி, மழை பெய்தாலும் நிற்காத வேலை. அவர் சூளைக்குத் திரும்பி வர வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, யாருக்கும் இல்லை. ஆனால் மகன் போய்விட்டால் அறிவும் போய்விடும் என்ற நிலை இருக்கக் கூடாது. பிறப்பால் வந்த பாடம் விருப்பத்தால் வருகிறவர்களுக்குத் திறந்தால்தான் அந்த நிலை மாறும். அதனால்தான் இந்த வகுப்பைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அறிவு போனால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. அரியாங்குப்பத்து அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ரோமானிய மதுச்சாடித் துண்டுகள்தான் உலகச் செய்தியாயின. ஆனால் அங்கே நடந்த பெரிய தொழில்களில் ஒன்று கண்ணாடி மணி செய்வது. உருக்கிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கி, விளிம்பு மழுங்கச் சூடாக்கிய நுண்ணிய மணிகள் கடல் கடந்து போயின. எப்படிச் செய்தார்கள் என்பது புதுச்சேரியில் யாருக்கும் நினைவில்லை. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அதற்கு விடை தேடிப் போன இடம் ஆந்திராவில் ஸ்ரீகாளஹஸ்திக்குப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டை. அங்கே உலையடியில் உட்கார்ந்து கண்ணாடிக் குழல் இழுத்துக்கொண்டிருந்தவர்களின் கைவேலையைப் பார்த்துத்தான் அரிக்கமேட்டுக் குப்பையில் கிடந்த கழிவுத் துண்டுகளுக்குப் பொருள் கிடைத்தது. அந்த ஊரிலும் தொழில் நின்றிருந்தால், கழிவைப் பெட்டியில் போட்டு எண் ஒட்டி வைத்திருப்போம், அவ்வளவுதான்.

வில்லியனூருக்குப் பெருமைகள் குறைவில்லை. அதன் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்கு இருப்பதுபோல. இவ்வூர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆனால் அகல் விளக்கும் பொங்கல் பானையும் விற்கும் சில வாரங்களை விட்டால், சூளை வைத்திருக்கும் சாதாரணக் குடும்பத்துக்கு ஆண்டு முழுதும் நிச்சயமான வருமானம் என்று ஒன்றில்லை. வகுப்புக்கு வருகிறவர்கள் கொடுக்கும் கட்டணம் இந்தக் கொட்டகைக்கு இப்போது விளக்கு விற்பதைவிட உதவியாக இருக்கிறதாம். கற்றுக்கொடுப்பதே ஒரு வருமானமாவது எனக்கு நல்ல செய்தியாகப் பட்டது. அரியாங்குப்பத்தில் அரசின் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. நுண்கலை, இசை, நடனம் எல்லாம் கற்பிக்கும் இடம். சூளை வைக்கத் தெரிந்த ஒருவரைச் சான்றிதழ் கேட்காமல் ஆசிரியராக உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தால், அது பரிசளிப்பு விழாக்களைவிடப் பயன்படும். மாணவர்களைச் சூளைக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. புகையின் நிறத்தை வகுப்பறையில் காட்ட முடியாது.

பெரியவரின் கவலை வேறு. மண். முன்பு கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டிக்கொண்டு போய், எந்த மூலையில் பிசுக்குள்ள களி இருக்கிறது, எங்கே மணல் கலந்திருக்கிறது என்று பார்த்து எடுத்து வருவார்களாம். மண்ணைத் திரியாக உருட்டி விரலில் சுற்றிப் பார்ப்பது அவர் சோதனை. வெடிப்பு விட்டால் அந்த மண் சட்டிக்கு ஆகாது. இப்போது மண் எடுக்க அனுமதி வாங்க வேண்டும், ஏரிக்கரைகளில் மனை போட்டுவிட்டார்கள், லாரியில் வருகிற மண் எந்த ஏரியது என்றே தெரிவதில்லை. மண் மாறினால் மணல் சேர்க்கும் அளவு மாறும், காயும் நாள் மாறும், புகை பார்க்கும் கணக்கும் மாறும்.

“பசங்களுக்கு நான் சொல்லிக் குடுத்துக்கறேன் சார். ஏரியில எங்களுக்குன்னு ஒரு மூலைய ஒதுக்கி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. மண்ணு ஒரே மண்ணா இருந்தாத்தான் பாடம் நிக்கும்.”

மாணவிகளில் ஒருத்தி அதை அப்படியே கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனுவாக எழுதித் தருவதாகச் சொன்னாள். எந்த ஏரி, எந்த மூலை, ஆண்டுக்கு எத்தனை வண்டி என்று பெரியவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டாள். ஓவிய ஆசிரியர் பாகூர் ஏரியையும் சேர்க்கச் சொன்னார். அடுத்த சூளை வைப்பதற்குள் மனுவைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது.