கனவான் வேடமும் கலைஞனின் துணிவும்

ஆங்கிலக் கனவான் என்றதும் எம்மவர் மனக்கண்ணில் எழும் உருவம் ஒன்றுண்டு. மடிப்புக் குலையாத உடை, உரத்தெழாத குரல், புருவத்தின் ஓர் அசைவிலேயே எதிரில் நிற்பவனைச் சிறியவனாக்கிவிடும் பார்வை. வெள்ளைக்கார அதிகாரிகளிடம் இந்த உருவத்தை நேரிற் கண்டவர்கள் எம் பாட்டனார் தலைமுறையினர். எமக்கு அதனைக் காட்டியவை ஆங்கிலத் திரைப்படங்களே. நாம் கற்ற பாடசாலையில், ஆங்கில உச்சரிப்புப் பிசகியவனைப் பார்த்து நகைப்பதே நாகரிகமெனக் கருதப்பட்டது. ஆகவே, கனவான்களின் நடையுடை பாவனை மீது எமக்கு மயக்கமும் உள்ளூர ஒரு கசப்பும் ஒருங்கே இருந்து வந்தமை வியப்பன்று. அந்த மயக்கத்தைத் தெளிவித்து, கசப்புக்கும் காரணங் காட்டியவர் டேர்க் போகார்ட் என்னும் ஆங்கில நடிகர்.

1921ஆம் ஆண்டு லண்டனிற் பிறந்த இவரின் தந்தையார் 'த டைம்ஸ்' பத்திரிகையின் கலைப்பகுதி ஆசிரியர். தாயார் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த முன்னாள் நடிகை. இரண்டாம் உலகப் போரிற் படைச்சேவை புரிந்து திரும்பிய இவர், 1947இல் 'பவர் விதவுட் குளோறி' என்னும் நாடகத்தின் மூலம் லண்டன் மேடையிற் கவனம் பெற்றார். அக்காலத்தில் பிரித்தானியத் திரையுலகை ஆண்டு வந்த றாங்க் நிறுவனம் உடனே அவரை ஒப்பந்தஞ் செய்துகொண்டது. 1954இல் வெளியான 'டொக்டர் இன் த ஹவுஸ்' படத்தில் சைமன் ஸ்பரோ என்னும் மருத்துவ மாணவனாகத் தோன்றி, நாடு முழுவதன் செல்லப்பிள்ளையானார். அந்த அழகிய முகத்தையும் இனிய குரலையும் விற்றே அவர் ஆயுள் முழுதும் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவ்வாறு வாழாது, அந்தக் கனவான் வேடத்தை அதனைப் படைத்த சமுதாயத்துக்கு எதிராகவே திருப்பியதிற்றான் அவரது பெருமை அடங்கியிருக்கிறது.

1961ஆம் ஆண்டின் 'விக்டிம்' படம் இதற்கு முதற் சான்று. அன்றைய இங்கிலாந்தில் ஆணும் ஆணும் உறவு கொள்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இச்சட்டம் அச்சுறுத்திப் பணம் பறிப்போருக்கே பேருதவியாயிருந்தது. தனிமையில் முதிர்ந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவைக் குற்றமாகக் கொள்ளலாகாதென 1957இல் வுல்ஃபென்டன் குழு பரிந்துரைத்தும் அரசு அசையவில்லை. இந்நிலையில், பணம் பறிப்போரை எதிர்க்கத் துணியும் மெல்வில் ஃபார் என்னும் வழக்கறிஞராக போகார்ட் நடித்தார். பட்டமும் பதவியும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, தம் மனைவியின் முன் உள்ளத்து உண்மையை ஃபார் ஒப்புக்கொள்ளும் காட்சியில், கனவானின் நிதானம் எம் கண்முன்னே உடைந்து நொறுங்குகிறது. இளம்பெண்களின் கனவு நாயகனாய் விளங்கிய ஒருவர் இவ்வேடத்தை ஏற்பது அன்று தம் தொழிலையே பணயம் வைப்பதாகும். ஒரு படம் சட்டத்தை மாற்றிவிட்டதென நாம் கூற வரவில்லை. ஆயினும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அச்சட்டம் தளர்ந்த 1967ஆம் ஆண்டுக்கு முன்னரே மக்கள் மனத்தை இளக்கியவற்றுள் இப்படமும் ஒன்று.

இது பிறர் வீட்டுச் செய்தியன்று. எமது நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் இதையொத்த பிரிவை எழுதி வைத்தவர்கள் அதே கனவான்கள்தாம். தம் நாட்டில் அவர்கள் அதனைத் தளர்த்திப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே, 2023இல், அப்பிரிவை நீக்க முனையும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என எமது உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

அமெரிக்காவில் மக்கார்த்தி காலத்து இடதுசாரி வேட்டையில் தொழிலிழந்து லண்டன் வந்து சேர்ந்தவர் இயக்குநர் ஜோசப் லோசி. 1954இல் 'த சிலீப்பிங் டைகர்' படத்தை அவர் தம் சொந்தப் பெயரில் வெளியிடவும் இயலவில்லை. அப்படத்தில் நடித்த போகார்ட் பின்னாளிலும் அவருடன் கைகோத்து நின்றார். ஹரோல்ட் பின்ரர் திரைக்கதை எழுதிய 'த சேர்வன்ற்' 1963இல் வந்தது. செல்வந்த இளைஞனொருவனின் வீட்டில் வேலைக்காரனாகச் சேர்ந்து, மெல்ல மெல்ல எசமானையே ஆட்டிவைக்கும் பரற் என்பவனாக இதில் போகார்ட் தோன்றுகிறார். பணிவான குரலும் குனிந்த தலையும் எவ்வளவு வன்மத்தை மூடிவைக்க வல்லவை! எசமானின் மிடுக்கு எவ்வாறு வேலைக்காரனின் உழைப்பில் தங்கியிருக்கிறது என்பதை எத்தனையோ கட்டுரைகளில் நாம் வாசித்திருக்கிறோம். கண்ணாற் கண்டு நடுங்கியது இப்படத்திலேதான்.

மறு ஆண்டில் வந்த 'கிங் அன்ட் கன்ட்ரி' முதலாம் உலகப் போர்க்களத்துக் கதை. குண்டோசை தாளாது களத்தை விட்டு நடந்துபோன ஏழைச் சிப்பாய்க்காக வாதாடும் அதிகாரி போகார்ட். வாதம் பலிக்கவில்லை. துப்பாக்கிப் படையினர் சுட்டும் உயிர் போகாது கிடப்பவனை இறுதியில் அந்த அதிகாரியே சுட வேண்டி நேர்கிறது. கருணையுள்ள கனவானுங்கூட அநீதியான அமைப்பினுள் கொலைக் கருவியாகிவிடுவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது அரிது.

இத்தகையவர் தம் சொந்த வாழ்க்கையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அன்ரனி ஃபோர்வூட் என்பாருடன் பல தசாப்தங்கள் ஒரே வீட்டில் வாழ்ந்தும், பல தன்வரலாற்று நூல்களை எழுதியும், அந்த உறவு எத்தகையதென்பதை அவர் உரைக்கவில்லை. 1992இல் 'சேர்' பட்டம் பெற்று, 1999இல் மறைந்தார். திரையிற் காட்டிய துணிவை வாழ்விற் காட்டவில்லையே என நண்பர் சிலர் எம்முடன் வாதிட்டதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. உண்மை பேசியவனைச் சிறைக்கனுப்பிய நாட்டில், மௌனத்துக்கு விளக்கங் கூறவேண்டியவர்கள் சட்டமியற்றியவர்களே.

அந்தப் பாடசாலையில் நாம் வியந்த கனவான் தோற்றத்தின் விலை என்ன, அதனைச் செலுத்துபவர் யார் என்பதை போகார்டின் முகம் எமக்குக் காட்டிற்று. அழகான உச்சரிப்பைக் கேட்டுத் தலைகுனியும் எம் இளைஞர்கள் அவருடைய படங்களைத் தேடிப் பார்ப்பார்களாக.