உப்பைக் குறைத்த மலைநாடு



டோக்கியோ நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றைச் சந்திக்கச் சென்றிருந்த ஒரு ஜனவரி மாதத்தில், எனக்கு ஒருநாள் ஓய்வு கிடைத்தது. உயர்ந்த கோபுரங்களையும் கடைவீதிகளையும் காண்பிக்க நண்பர்கள் ஆயத்தமாயிருந்தார்கள். நானோ, "என்னைச் சாகு என்னும் ஊருக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றேன். அவர்கள் வியப்படைந்தார்கள். காரணத்தைப் பின்னர் சொல்லுகிறேன்.

அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணம். சாகுதைரா நிலையத்தில் இறங்கியதும், பனிபோர்த்திய அசாமா எரிமலை வடக்கே நிற்பதைக் காண்பீர்கள். அங்கிருந்து சிற்றூர்களுக்குச் செல்லும் சிறிய ரயில் ஒன்று, சிக்குமா ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக உசுதா என்னும் இடத்திற்கு உங்களைக் கொண்டு சேர்க்கும். இது நாகானோ மாகாணம். எத்திசையிலும் கடல் இல்லை. குளிரோ எலும்பைத் துளைக்கிறது.

ஜப்பானியரின் நீண்ட ஆயுளைக் குறித்துக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024-ஆம் ஆண்டின் கணக்குப்படி, அங்கே பெண்களின் சராசரி ஆயுட்காலம் 87.13 ஆண்டுகள், ஆண்களுக்கு 81.09. நூறு வயதைக் கடந்தவர்கள் 1963-இல் 153 பேரே இருந்தார்கள். 2025 செப்டம்பரிலோ 99,763 பேர். (2010-இல், எப்போதோ மரித்துப்போன முதியவர்கள் பலர் குடும்பப் பதிவேடுகளில் உயிரோடிருப்பதாகவே எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது உண்மையே. ஆனால் ஆயுட்காலக் கணக்கு அந்தப் பதிவேடுகளைக் கொண்டு போடப்படுவதில்லை.) "அவர்கள் மீன் உண்கிறார்கள், பச்சைத் தேநீர் பருகுகிறார்கள்" என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாய் இருந்ததில்லை. இதே நாகானோ மக்கள் ஒரு காலத்தில் பக்கவாதத்தினால் கூட்டங்கூட்டமாய் விழுந்தவர்கள். 1965-இல் பெண்களின் ஆயுளில் இம்மாகாணம் நாட்டிலேயே 26-ஆம் இடத்தில் இருந்தது.

காரணம் உப்பு. பனிக்காலத்தில் பசுங்காய்கறி கிடைக்காது. ஆகையால் நொசாவானா என்னும் கீரையைப் பெருந்தொட்டிகளில் உப்பிட்டு வைத்து, மாதக்கணக்கில் தேநீரோடு உண்பார்கள். மீனும் உப்பிட்டே மலையேறி வந்தது. மிசோ என்னும் சோயா விழுதுச் சாறும் உப்பே. 1980 வாக்கில் இங்கே ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 கிராம் உப்பை உண்டார். அத்துடன் வீடுகளின் குளிரும் சேர்ந்தது. வெதுவெதுப்பான படுக்கையை விட்டு நள்ளிரவில் உறைபனிக் கழிப்பறைக்கு எழுந்து சென்றவர்கள் அங்கேயே சாய்ந்தார்கள்.

உசுதாவிலுள்ள சாகு மத்திய மருத்துவமனைக்கு 1945-இல் வந்து சேர்ந்தவர் டாக்டர் தோஷிகாசு வாகாட்சுகி. விவசாயிகள் நோய் முற்றிய பின்னரே வருகிறார்கள் என்று கண்ட அவர், தாமே கிராமங்களுக்குப் புறப்பட்டார். மருத்துவரும் செவிலியரும் நோயாளிகளைப் பார்த்து முடித்தபின், வேடமிட்டு நாடகம் நடித்து நலவாழ்வைப் போதித்தார்கள். பிரசங்கத்தைவிட நாடகம் நன்றாய் உள்ளே இறங்குகிறது என்பதை நானும் அறிவேன்! 1959-இல் யாச்சிஹோ கிராமத்தார் அனைவருக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை தொடங்கியது. 1976-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஆயினும் என்னை அதிகமாய்த் தொட்டவர்கள் சாதாரண இல்லத்தரசிகளே. நலத் தொண்டராய்த் தெரிந்தெடுக்கப்பட்ட பெண்கள், அண்டைவீட்டுச் சமையலறைக்குள் சென்று சாற்றின் உப்பை அளந்தார்கள். "காய்கறியை மிகுதியாய்ப் போடுங்கள், சாறு தானே குறையும்" என்று கற்பித்தார்கள். வீட்டில் ஓர் அறையையாவது வெப்பமாய் வைக்கும்படி வேண்டினார்கள். 1990-இல் நாகானோவின் ஆண்கள் நாட்டில் முதலிடம் பெற்றார்கள். 2010-இல் பெண்களும் பெற்றார்கள். முற்காலத்தில் புகழ்பெற்றிருந்த ஒகினாவாவோ, உணவுப் பழக்கம் மாறியபின், 2020-இல் ஆண்களின் வரிசையில் 43-ஆம் இடத்திற்கு இறங்கியது.

இப்போது காரணத்தைச் சொல்லுகிறேன். என் தாயார் ஊறுகாயும் கருவாடும் இல்லாமல் சோறு உண்டதில்லை. அவர்களுடைய 62-ஆம் வயதில் வலதுபக்கம் விழுந்தது. நான்கு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார்கள். அந்நாட்களில் நான் வடக்கே ஊழியத்தில் இருந்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம், அவர்கள் கேட்டார்களே என்று, நானே ஊறுகாய்ப் புட்டிகளை வாங்கிச் சென்றிருக்கிறேன். இரத்த அழுத்தத்தை ஒருமுறையாவது பார்த்தீர்களா அம்மா என்று நான் கேட்டதில்லை. நகரங்களில் பிழைக்க வந்திருக்கும் நீங்களும் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது என்ன கேட்கிறீர்கள்?

அன்று மாலை, நண்பருக்கு அறிமுகமான ஒரு வீட்டில் 88 வயதுப் பாட்டியம்மா எங்களை உபசரித்தார்கள். காலையில் கொல்லையில் பனியை அள்ளித் தள்ளியதாகச் சொன்னார்கள். கீழே வெப்பமூட்டப்பட்ட தாழ்வான மேசையில், கால்களைப் போர்வைக்குள் நீட்டி அமர்ந்தோம். தேநீரோடு சிறு கிண்ணத்தில் நொசாவானா வந்தது. ருசி என் தாயாரின் சமையலறையை நினைப்பூட்டிற்று. இரண்டாம் முறை கையை நீட்டினேன். பாட்டியம்மா சிரித்துக்கொண்டே கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, ஆப்பிள் துண்டுகளை என் முன்னே நகர்த்தினார்கள்.